கூட்ஸ் ஷெட்டுக்குள் என்ன வைப்பது? (ராமநாதபுரம் கரை, மீட்டர்கேஜ், 1:87)

ஆகஸ்ட் 9, மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்

அண்ணே, மாடல் ரயிலுக்காக நீங்கள் செய்கிற கூட்ஸ் ஷெட்டின், அதாவது ஸ்டேஷன் சரக்குக் கொட்டகையின், படங்களைப் பார்த்தேன். கூரை போட்டாச்சு, கதவும் போட்டாச்சு. அப்புறம் உள்ளே எதற்கு மெனக்கெடுகிறீர்கள்? மூன்றடி தள்ளி நிற்கிறவனுக்குக் கதவுக்குள் இருட்டுதானே தெரியும்? கறுப்புத் தாளை ஒட்டிவிட்டு வேகன் வேலையைப் பாருங்கள் என்கிறேன்.

ஆகஸ்ட் 9, இரவு

தம்பி சொல்வது பாதி சரி. மாடல் நிற்கிற பலகை இடுப்பு உயரத்தில் இருந்தால் கூரையைத் தவிர எதுவும் தெரியாது, உள்ளே என்ன செய்தாலும் வீண்தான். என் பலகை நெஞ்சு உயரம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் கண் நேராகப் பிளாட்பாரத்துக்கு வந்துவிடும். 28 மில்லிமீட்டர் கதவு வழியே உள்ளே நன்றாகவே தெரிகிறது, எதிர்ப்பக்கக் கதவையும் திறந்து வைத்தால் இன்னும் தெளிவு. கறுப்புத் தாள் ஒட்டினால் திறந்த கதவுக்கும் மூடிய கதவுக்கும் வித்தியாசமே இருக்காது.

ஆகஸ்ட் 10

அளவு கேட்டவர்களுக்கு. 1:87-ல், அதாவது நிஜத்தை 87-ல் ஒரு பங்காகச் சுருக்கினால், ஓர் அடி என்பது 3.5 மில்லிமீட்டர். ஷெட் 60 அடிக்கு 24 அடி, அதாவது 21 சென்டிமீட்டருக்கு 84 மில்லிமீட்டர். எட்டடிக் கதவு பக்கத்துக்கு மூன்று. மீட்டர்கேஜில் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவே ஒரு மீட்டர், அதை 87-ல் வகுத்தால் 11.5 மில்லிமீட்டர் வரும். நான் போட்டிருப்பது 12 மில்லிமீட்டர் டிராக், அந்த அரை மில்லிமீட்டருக்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ஊர் கற்பனை. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காலம் 1980-கள், இழுப்பது ஒய்.டி.எம்.4 என்கிற மீட்டர்கேஜ் டீசல் இன்ஜின். 2007-ல் இந்த மீட்டர்கேஜ் பாதை அகலப்பாதையாகிவிட்டது, அதற்கு அப்புறம் இந்தப் பக்கம் எனக்குச் சுவாரசியம் இல்லை.

ஆகஸ்ட் 14

உள்ளே என்ன வைப்பது என்று யோசிக்க உட்கார்ந்தால் கை முதலில் போவது கடையில் விற்கிற மரப்பெட்டி, பீப்பாய் பாக்கெட்டுக்குத்தான். வெளிநாட்டு ஷெட்டுக்கு அது சரி. நம் கரையில் 80-களில் மரப்பெட்டியும் பீப்பாயும் அடுக்கி வைத்த ஷெட்டை யார் பார்த்தார்கள்? எங்கள் மாமா ஒருவர் லோடுமேனாக இருந்தார். அவர் வாயில் வந்த சரக்கெல்லாம் சாக்கு, ஓலை, பாய், நார் என்றுதான் இருக்கும். உப்பு மூட்டை, மிளகாய் மூட்டை, கரி மூட்டை, ஓலைப்பாயில் கட்டிய கருவாடு, ஓலைச் சிப்பத்தில் கருப்பட்டி, பனைநார்க் கட்டு. ஊருக்குள் வருவது அரிசி, சிமென்ட், உரம்.

இதையெல்லாம் ஒரே நாளில் உள்ளே வைத்தால் அது ஷெட் இல்லை, கண்காட்சி. அதனால் முதலில் ஒரு மாதத்தை முடிவு செய்யுங்கள். நான் எடுத்துக்கொண்டது பங்குனி கடைசி. புரட்டாசி, ஐப்பசியில் மழையை நம்பி விதைத்த முண்டு மிளகாய் அப்போது பறித்துக் காய்ந்து மூட்டையாகியிருக்கும். பனையில் பதநீர் இறங்குகிற காலம், கருப்பட்டி வரத்து உண்டு. வெயில் ஏறிவிட்டதால் உப்பளத்திலும் வேலை மும்முரம். மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே இருக்க நியாயம் உண்டு. இதையே மார்கழி என்று வைத்தால் கருப்பட்டியை எடுத்துவிட வேண்டும், மிளகாய் இன்னும் செடியில் நிற்கும். அரிசி மூட்டையும், கூரை ஒழுகாமல் இருக்கத் தார்ப்பாயும் வைக்கலாம்.

அடுத்தது திசை. போகிற சரக்கு தண்டவாளப் பக்கக் கதவை ஒட்டி, வந்த சரக்கு வண்டிப்பாதைப் பக்கம். நடுவில் தராசு. இந்த மூன்றும் இடத்தில் இருந்தால் வேறெதுவும் இல்லாவிட்டாலும் ஷெட் ஷெட்டாகத் தெரியும்.

ஆகஸ்ட் 15

பாம்பன் பாலத்தைச் செய்யாமல் ஷெட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறீர்களே என்று ஒருவர். ஐயா, பழைய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. 87-ல் வகுத்தால் 23 மீட்டர் தாண்டும். என் வீட்டு வாசலில் ஆரம்பித்தால் டீக்கடையில் போய் முடியும். நடுவில் கப்பலுக்கு வழிவிடத் திறக்கிற ஷெர்சர் தூக்குப் பகுதியை மட்டும் செய்யலாம், அதுவும் ஆள் லிவரைப் பிடித்துச் சுற்றுகிற மாதிரி. ஆசை இருக்கிறது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் தூக்குத் துண்டு 72.5 மீட்டர், நம் அளவில் 83 சென்டிமீட்டர். அதை அகலப்பாதைக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆகஸ்ட் 23

மூட்டை. இங்கேதான் எனக்கு நேரம் போனது, போனதில் வருத்தமும் இல்லை.

நூறு கிலோ சணல் சாக்கு காலியாக விரித்தால் 44 அங்குலத்துக்கு 26.5 அங்குலம். நம் அளவில் 12.8-க்கு 7.7 மில்லிமீட்டர். சரக்கு நிரம்பி வாய் தைத்தால் 11-க்கு 6.5, கனம் 4 என்று வைத்தேன். எம்-சீலை (பிசைந்தால் இறுகும் ஒட்டு மாவு) பிசைந்து திரித்து, பிளேடால் துண்டு போட்டு, பழைய கைக்குட்டைத் துணியில் வைத்து ஈர விரலால் அமுக்கினால் சாக்கின் நெசவு விழுந்துவிடும். துணியில் ஒட்டாமல் இருக்க முகப்பவுடர். இரண்டு மூலையைக் குண்டூசியால் இழுத்து விடுங்கள், தூக்குகிறவன் பிடிக்கிற காது அதுதான். அது இல்லாவிட்டால் தலையணை மாதிரி இருக்கும்.

முக்கியமானது இனிமேல்தான். ஒவ்வொன்றாகக் காயவைத்து அப்புறம் அடுக்காதீர்கள். எம்-சீல் இறுகுவதற்குள் அடுக்குங்கள். அடியில் இருப்பது மேலே இருப்பதன் கனத்தில் நசுங்கிப் பக்கத்து மூட்டையின் இடுக்கில் பிதுங்க வேண்டும். அந்தப் பிதுக்கம்தான் கண்ணுக்குக் கனத்தைக் காட்டும். ஒரு வரி நீளவாக்கில், அடுத்த வரி குறுக்கே. அட்டி (மூட்டை அடுக்கு) போடுகிறவர்கள் அப்படித்தான் பூட்டு விழுகிற மாதிரி போடுவார்கள், இல்லாவிட்டால் ஆள் மேல் சரியும். அடியில் தரை ஈரம் ஏறாமல் பலகை. சுவரை ஒட்டக் கூடாது, ஆள் நுழைகிற சந்து, நம் அளவில் 7 மில்லிமீட்டர்.

எல்லா மூட்டையும் ஒரே அச்சு என்றால் கெட்டது. உப்பு மூட்டை கனம், சிறிசு, சப்பென்று படியும். மிளகாய் மூட்டை லேசு, பெரிசு, வயிறு உப்பியிருக்கும். கரி மூட்டை கோணல்மாணலாக முட்டிக்கொண்டு நிற்கும், அதைச் சுற்றித் தரையில் கறுப்புத் தூள். மிளகாய் மூட்டையின் தையலில் சிவப்பு பேஸ்டல் பொடியை நுனி பிரஷ்ஷால் லேசாக. ஒரு மிளகாயை உருட்டி வைக்கலாமா என்று கேட்பீர்கள்: முண்டு மிளகாய் நம் அளவில் கால் மில்லிமீட்டர், தும்மினால் போய்விடும்.

நிறம்: சாக்கு பழுப்பு இல்லை. வெயில் பட்ட சாக்கு வைக்கோல் நிறத்துக்கும் சாம்பலுக்கும் நடுவில் இருக்கும். மஞ்சள் காவி, வெள்ளை, ஊசிமுனை அளவு கறுப்பு.

ஆகஸ்ட் 24

பாசிப்பயறை ஒட்டிப் பெயின்ட் அடித்தால் மூட்டை ஆகிவிடுமே என்கிறார் திருப்புல்லாணி நண்பர். ஆகும். எறும்புக்கு அட்டி ஆகும். பெயின்டுக்கு அடியில் புழுத்தால் மூட்டை தானாக நகரும், அனிமேஷன் இலவசம்.

கருவாட்டுக் கட்டுக்கு நிஜக் கருவாட்டுத் துண்டு வைக்கச் சொன்னவருக்குப் பதில் என் வீட்டுப் பூனை சொல்லும்.

ஆகஸ்ட் 30

கருவாட்டுக் கட்டு உண்மையில் செய்தது: டிஷ்யூ தாளை ஃபெவிகால் தண்ணீரில் நனைத்து, சிறு அட்டைத் துண்டைச் சுற்றி மடித்து, காய்ந்ததும் நெசவுக்கோடு தெரிய மொட்டைக் கத்தியால் குறுக்கும் நெடுக்கும் கீறல். பிரித்த நூலின் ஒற்றை இழையால் இரண்டு கட்டு. மற்ற சரக்கிலிருந்து தள்ளி, காற்று வருகிற கடைசிக் கதவுப் பக்கம் வைத்தேன். கருப்பட்டிச் சிப்பத்துக்குப் பக்கத்தில் கருவாட்டை வைத்தால் வாங்குகிறவன் ஷெட்டுக்கே தீ வைப்பான்.

செப்டம்பர் 6

தரையும் சுவரும்.

தரை சிமென்ட் நிறம், மேலே தூசி. லோடுமேன் நடக்கிற தடம் மட்டும் தேய்ந்து பளபளக்க வேண்டும். பென்சில் முனையைத் தாளில் தேய்த்து, அந்தக் கரியை விரலில் தொட்டு, கதவிலிருந்து தராசுக்கும் தராசிலிருந்து அட்டிக்கும் நீவிவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் விளக்கு அதில் ஒரு கோடாக மின்னுகிறது. அரைமணி வேலைகூட இல்லை, ஷெட்டிலேயே எனக்கு அதிகம் பிடித்தது இதுதான்.

சுவர் மேலே சுண்ணாம்பு, கீழே முழங்கால் உயரத்துக்குத் தார். மூட்டை உரசுகிற இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து செங்கல் தெரிகிறது. உப்பு அட்டிக்குப் பின்னால் தாருக்கு மேலேயும் வெள்ளையாகப் பூத்திருக்கும், அதற்கு டிரை பிரஷ், அதாவது பெயின்டைத் துடைத்துவிட்ட காய்ந்த பிரஷ், போதும். உப்பு இருக்கிற பக்கத்துத் தூணைத்தான் அதிகம் துருப்பிடிக்கவைக்க வேண்டும். பழைய தண்டவாளத்தையே தூணாக நட்டிருப்பார்கள், நானும் மிச்சமான டிராக்கிலிருந்து ரெயிலை உருவி நட்டுவிட்டேன். அளவும் நிறமும் ஒன்றாகப் பொருந்திவிட்டது.

தீ வாளி மூன்று. சிவப்பு வயரின் தோலை 3 மில்லிமீட்டர் துண்டாக நறுக்கியது. முருகன், மெக்கா, வேளாங்கண்ணி மாதா மூன்று படமும் ஒரே ஆணி வரிசையில். இது இந்தக் கரையில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பர் 7

தராசு எப்படி என்று நாலு பேர் கேட்டாச்சு. ஏவரி கம்பெனி மாதிரி பிளாட்பாரத் தராசு, உயரம் நாலடி, அதாவது 14 மில்லிமீட்டர். தட்டுக்கு 9 மில்லிமீட்டர் அட்டை, தூணுக்குத் தீக்குச்சி, மேலே குறுக்கே குண்டூசி, எடைக்கல்லுக்குப் பழைய கைக்கடிகாரத்துப் பல்சக்கரம். சக்கரம் நாலு வையுங்கள், நகர்த்தித்தான் எடை போடுவார்கள்.

செப்டம்பர் 8

கிளார்க் மேசையை விட்டுவிட்டேனே என்று நினைவூட்டியவருக்கு நன்றி, ஆனால் விடவில்லை, படத்தில் அட்டி மறைக்கிறது. மூலையில் மரத்தடுப்பு, மேசை, லெட்ஜர், கொக்கியில் குத்திய காகிதம். ஷெட்டின் உயிர் அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது. சரக்குக் கொண்டுவந்தவர் ஃபார்வர்டிங் நோட் எழுதிக் கொடுப்பார், எடை போட்டு ஆர்.ஆர். என்கிற ரயில்வே ரசீதைக் கிழிப்பார்கள். அந்த ரசீது போய்ச் சேர வேண்டியவர் கைக்குப் போனால்தான் அந்த ஊரில் சரக்கு கிடைக்கும். கெடுவுக்குள் எடுக்காமல் ஷெட்டில் போட்டுவைத்தால் வார்ஃபேஜ் என்று கட்டணம், வேகனைக் காலி செய்யாமல் நிறுத்தினால் டெமரேஜ் என்று கட்டணம். மாமா இந்த இரண்டு சொல்லையும் கெட்ட வார்த்தை மாதிரிதான் உச்சரிப்பார்.

இதை மாடலில் எப்படிக் காட்டுவது? வண்டிப்பாதைப் பக்க மூலையில், யாரும் எடுக்க வராத நாலு மூட்டை. அதன் மேல் மட்டும் கனமாகத் தூசி. சுவரில் சாக்பீஸ் எண். மூட்டையில் பெறுபவரின் அடையாளம் கறுப்பு மையில், 0.1 பேனாவால் ஒரு கிறுக்கல், எழுத்து எழுத முயற்சி செய்ய வேண்டாம்.

செப்டம்பர் 20

வெளிச்சம். எல்லோரும் எல்.ஈ.டி. பற்றியே கேட்கிறீர்கள். முதலில் கூரையின் கண்ணாடி ஓடு பற்றிப் பேசுவோம்.

மங்களூர் ஓட்டுக் கூரையில் நடுநடுவே ஒரு கண்ணாடி ஓடு பதித்திருப்பார்கள், பகலில் விளக்கே தேவையில்லை. கூரையில் ஓடு அளவுக்குச் சதுரம் வெட்டி, புதுச் சட்டை மடித்துவரும் பெட்டியின் தெளிவான பிளாஸ்டிக்கை ஒட்டினேன். அறை விளக்கைப் போட்டதும் தரையில் சின்னச் சின்னக் கட்டமாக வெளிச்சம் விழுகிறது. ஒரு கட்டம் மிளகாய் மூட்டை மேல் விழும்படி ஓட்டை வெட்டுவதற்கு முன்பே டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக்கை ஒட்ட ஃபெவிக்விக் வேண்டாம். நம் கரைக் காற்றின் ஈரத்துக்கு அதன் ஆவி பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் படிந்து கண்ணாடி ஓடு பால் ஓடாகிவிடும். ஓரத்தில் ஃபெவிகால் பொட்டு போதும்.

ராத்திரிக்கு எல்.ஈ.டி. 12 வோல்ட் அடாப்டர், வார்ம் வைட், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் என்றால் 9 மில்லிஆம்பியர். அது கல்யாண மண்டபம். 40 வாட் குண்டு பல்பு தொங்குகிற ஷெட் வேண்டுமென்றால் 10 கிலோ ஓம் போடுங்கள், ஒரு மில்லிஆம்பியருக்கும் கீழே. இரண்டு விளக்கு போதும், மூலைகள் இருட்டாகவே இருக்கட்டும். சன்போர்டு (நுரை பிளாஸ்டிக் அட்டை) சுவர் வெளிச்சத்தைக் கசியவிடும். உள்பக்கம் முதலில் கறுப்பு அடித்து, அது காய்ந்த பிறகு சுண்ணாம்பு நிறம். மூலை இணைப்பில் கறுப்பு டேப்.

அக்டோபர் 4

ஆட்கள். வாங்கிய பொம்மைகள் ஜெர்மன்காரர்கள், கோட்டு, தொப்பி, ஒருவன் கையில் குடை. கோட்டைப் பிளேடால் சீவி, டிஷ்யூவில் கைலி சுற்றி, தலையில் சும்மாடு. குடைக்காரன் குடையை இழந்து தராசுக்குப் பக்கத்தில் ஏஜென்டாக நிற்கிறான், முகத்தில் இன்னும் மியூனிக் களை இருக்கிறது. மொத்தம் ஐந்து பேர். இரண்டு பேர் ஒரு மூட்டையைத் தூக்கி மூன்றாமவன் தலையில் ஏற்றுகிறார்கள். தூக்குகிற இருவரின் முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். விறைத்து நிற்கிற ஆள் தலையில் மூட்டையை ஒட்டினால் அது காலி மூட்டை.

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி: "காக்கா, சங்கு மூட்டை எங்கே?" ஒன்று வைக்கிறேன். சாக்கு முட்டிமுட்டி நிற்கும், கரி மூட்டையைத்தான் வெள்ளைத் தூள் போட்டு மாற்ற வேண்டும்.

அக்டோபர் 18

மழை பிடித்துக்கொண்டது. இந்த மாதங்களில் அட்டையில் வேலை செய்கிறவர்களுக்கு: ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் அட்டை வளையும், இரண்டு பக்கமும் அடியுங்கள். மைதா பசை வைத்தால் கரப்பானுக்கு விருந்து. வயர் இணைப்புகளை வெறுமனே முறுக்கி அப்படியே விடாமல் ஈயம் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போடுங்கள், உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும்.

மணல் கேட்டவருக்கு. தனுஷ்கோடி மணலை அள்ளி வந்து கொட்டினால் அசல் வந்துவிடும் என்று எல்லோருக்கும் தோன்றும். கால் மில்லிமீட்டர் துகள் நம் அளவில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல், பார்க்க ஜல்லிதான். கழுவாவிட்டால் உப்பு ஈரத்தை இழுக்கும். காந்தத்தைக் காட்டினால் கறுப்புத் துகள் எழுந்து ஒட்டும், அதே துகள் இன்ஜின் மோட்டாருக்குள்ளும் போகும். டைல்ஸ் இடுக்கை அடைக்கிற கிரவுட் பொடியை மணல் நிறத்தில் வாங்கித் தூவுங்கள்.

அக்டோபர் 19

தனுஷ்கோடி என்று எழுதியதும், கப்பலுக்கு ஆள் கொண்டுபோன போட் மெயில் ரயில், பையர் என்கிற கப்பல்துறை மேடை, கப்பல் என்று இழையே அந்தப் பக்கம் போய்விட்டது. 1964 டிசம்பர் புயலுக்கு முந்தின தனுஷ்கோடியைச் செய்யச் சொல்கிறார்கள். செய்கிறவர்கள் செய்யட்டும், பார்க்க நானும் வருவேன். அந்தக் காலத்தை எடுத்தால் சரக்கும் மாறும், தலைமன்னார்க் கப்பலுக்கு ஏறுவதும் இறங்குவதும் வேறு. என் ஷெட்டின் சீமைக்கருவேலக் கரியை அங்கே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அது இந்த மாவட்டத்தில் பரவி, வெட்டிக் கரியாக்குகிற தொழிலானது அதற்குப் பின்னால். இன்னொன்று, அங்கே இன்று இடிந்து நிற்கிற சுவர்களில் பவளக்கல் தெரியும். செங்கல் தாளை ஒட்டிவிட்டு தனுஷ்கோடி என்று சொன்னால் நானே சண்டைக்கு வருவேன்.

நவம்பர் 2

பாதி மூட்டையை எடுத்துவிட்டேன்.

கோபம் வேண்டாம், காரணம் இருக்கிறது. போன் கேமராவைக் கதவு வாயில் வைத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். தனித்தனியாக எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் அந்த ஐந்து பேரும் வேலை செய்ய இடமில்லை. தராசை நகர்த்த வழியில்லை, மூட்டையோடு திரும்ப வழியில்லை. இருக்கிற தரையில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டேன். இப்போது கதவு வழியே பார்த்தால் தேய்ந்த தடமும் அதில் விழுகிற கண்ணாடி ஓட்டு வெளிச்சமும் முழுசாகத் தெரிகிறது. எதிர்க்கதவு வழியே மாட்டுவண்டியின் சக்கரமும் தெரிகிறது.

எடுத்ததில் மிளகாய் கொஞ்சமும் கரி முழுக்கவும். கரியை வெளியே பிளாட்பார நுனிக்குக் கொண்டுபோனேன், நிஜத்திலும் அதன் தூசியை உள்ளே யார் விடுவார்கள்? ஷெட் கதவுக்கு எதிரே நிற்கிற மூடுவேகனின் கதவையும் திறந்து உள்ளே ஒரு வரி உப்பு மூட்டை. அடைத்த வேகனுக்கு ஈயச் சீலும் கம்பியும் உண்டு, தெரியாது என்றாலும் போட்டேன்.

நவம்பர் 3

மண்டபத்துத் தம்பி மறுபடி: "அப்போ என் கறுப்புத் தாள்?" மூன்றாவது கதவை மூடிவிட்டேன், அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கிறேன். அந்தத் தாளுக்குப் பின்னால் ஒன்றும் செய்யவில்லை, வயரெல்லாம் அங்கேதான்.

நவம்பர் 9

கூரையைக் கழற்றுவது எப்படி என்ற கேள்விக்கு: ஒட்டவில்லை. நடு உத்திரங்கள் இரண்டின் அடியில் சின்னக் காந்தம், தூண் தலையில் இரும்பு வாஷர். தகரக் கதவுகள் கூரையில் தொங்கக் கூடாது, சுவரில் தனிக் கம்பியில் ஓட வேண்டும், இல்லாவிட்டால் கூரையைத் தூக்கும்போது கதவும் கூடவே வரும். எல்.ஈ.டி. வயரைக் கூரையில் ஓட்டாமல் ரெயில் தூண் வழியாகக் கீழே இறக்குங்கள். பல்பு தொங்குவது கூரையில் இல்லை, தூணுக்குத் தூண் போட்ட குறுக்குக் கம்பியில்.

வரைபடம் கேட்ட மூன்று பேருக்கும்: ஸ்கேன் செய்து போடுகிறேன். பின்சுவர் அளவு மட்டும் உங்கள் பலகைக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளுங்கள், என்னுடையது ஜன்னல் கம்பிக்காக 6 மில்லிமீட்டர் குறைத்தது.